மூன்று கை எண்ணெய்

முதலில் உப்புத்தாள், அப்புறம்தான் எண்ணெய். இருபத்திரண்டு வருஷத்தில் வில்வநாதன் இந்த வரிசையை ஒருதரம்கூட மாற்றியதில்லை. மேட்ச் முடிந்து வீடு திரும்பிய அன்றே, குளிப்பதற்கும் முன்னால், பேட்டை மடியில் கிடத்தி, பந்து பதித்துவிட்டுப் போன சிவப்புத் தடங்களை மெல்லிய உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்த்து எடுப்பான். தூசியைக் காய்ந்த துணியால் தட்டுவான். பழைய பனியன் துண்டில் ஆளிவிதை எண்ணெயைத் தொட்டு மேலாக ஒரு கை இழுத்து, பேட்டைப் படுக்கப்போட்டுவிட்டு எழுந்துவிடுவான். ஸ்டிக்கர் மேல் எண்ணெய் படக்கூடாது. பிடி மரத்துக்குள் இறங்குகிற இடத்தில் படவே கூடாது, பசை விட்டுப்போகும். இன்றைக்கும் மூன்றாவது மாடி பால்கனியில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் எடுத்துவைத்தான். ஆனால் கை உப்புத்தாளை விட்டுவிட்டு எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் திறந்தது. திறந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. தெரிந்ததும் மூடியிருக்கலாம். மூடவில்லை. மணி இரண்டே கால் இருக்கும். உள்ளே சுகந்தி பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பேட்டின் முதுகுப் பக்கத்தில் பந்து படுவதில்லை, தேய்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஆகவே முதுகிலிருந்து ஆரம்பித்தால் தப்பில்லை என்று ஒரு நியாயம் தோன்றியது. தோன்றிய நியாயத்துக்குக் கட்டுப்பட்டுப் பேட்டைக் குப்புறப் போட்டான். போடும்போது முகப்புக் கண்ணில் பட்டது. அழுத்தமாகப் பதிந்தவை எட்டுத் தடங்கள். அவ்வப்போது துடைத்துவிடுகிறவனுடைய பேட்டில் பழைய கறை இருக்க வழியில்லை, எட்டும் போன ஞாயிற்றுக்கிழமையுடையவை. நட்டநடுவில் ஒன்று, ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல் வட்டமாக. ஒன்பதாவது தடம் முகப்பில் இல்லை. வெளி விளிம்பில் இருந்தது. நகத்தின் நீளம், நூலின் கனம். அதைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு முதுகில் எண்ணெயைத் தடவினான்.

வாசனை எழுந்தது. பெயிண்ட் கடைக்கும் பழைய எள்ளுக்கும் நடுவில் ஏதோ ஒரு வாசனை. சுகந்திக்குப் பிடிக்காது. அவனுக்குப் பிடிக்கும், பிடித்தது. இன்றைக்கு மூக்கில் ஏறியது, அவ்வளவுதான், உள்ளே எதையும் தொடவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எல்லாமே. ஏழு நாளாக இப்படி. தொட்டால் தொடுவது தெரிகிறது, தொடப்படுவது தெரியவில்லை. காலையில் ஷாஜகான் போன் செய்திருந்தான். டீமின் கேப்டன். இன்றைக்கு ஓய்வெடு, ஆனால் அடுத்த ஞாயிறு செமி ஃபைனல், நீ ஆடாமல் இருந்தால் அருளண்ணன்தான் வருத்தப்படுவார், பேட்டைத் தயார் பண்ணி வை என்றான். பேட்டைத் தயார் பண்ணு என்றதும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. அருளண்ணன் என்ற அருளப்பன் பாலக்கரையில் டைல்ஸ் கடையில் இருக்கிறவர். பத்தொன்பது வருஷம் டீமுக்குக் கீப்பர். ஐம்பது வயதில் முட்டி இரண்டும் போய்விட்டன, குந்தி எழ முடியவில்லை, போன வருஷத்திலிருந்து அம்பயராக நிற்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை லீகில் வெளி அம்பயரை அழைத்து வருகிற வசதியெல்லாம் கிடையாது. எந்த டீம் பேட்டிங் செய்கிறதோ அந்த டீமின் ஆட்கள் இரண்டு பேர் அம்பயராக நிற்க வேண்டும். எல்.பி.டபிள்யூ என்ற ஒன்று இந்த மைதானங்களில் கிடையாது என்று கிண்டல் செய்வார்கள், சொந்த ஆளுக்கு எவன் கொடுப்பான். அருளப்பன் கொடுப்பார். மைத்துனனுக்கு முதல் பந்திலேயே கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் சோறு கிடைத்ததா என்று டீமே விசாரித்தது, ரசம் மட்டும் கிடைத்தது என்றார். பட்டால் நட என்பது அவர் டீமுக்குப் போட்டிருந்த ஒரே சட்டம். பந்து பேட்டில் பட்டுக் கேட்ச் போனால் அவுட் என்று அம்பயர் விரல் தூக்குவதற்குக் காத்திருக்காதே, நீயே நடந்துவிடு. இவனுங்க கிரிக்கெட் ஆட வரலடா, வாக்கிங் வர்றானுங்க என்று எதிர் டீம்கள் சொல்லும். சொல்லிவிட்டு, அருளப்பன் நாட் அவுட் என்றால் மறு பேச்சுப் பேசாமல் பந்து போடப் போய்விடும். அந்த மரியாதைதான் போன வாரம் குறுக்கே வந்து நின்றது. அவர் மட்டும் எல்லாரையும் போல சொந்த டீமுக்குச் சாய்கிற அம்பயராக இருந்திருந்தால் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள், கத்தியிருப்பார்கள், சண்டை வந்திருக்கும், ஐந்து நிமிஷம் போயிருக்கும், அந்தப் பந்து அந்த நேரத்தில் வந்திருக்காது. முதுகு முடிந்தது. துணி காய்ந்திருந்தது. மறுபடி புட்டியைச் சாய்த்தான்.

பட்டது. அதில் சந்தேகமே கிடையாது. பிடித்திருப்பவன் கைக்குத் தெரியாமல் விளிம்பில் படுகிற எட்ஜ் என்று ஒன்று உலகத்தில் இல்லை. பேட் கொஞ்சம் காலில் கட்டியிருந்த காப்பையும் உரசியது, அந்தச் சத்தமும் சேர்ந்துகொண்டது, வெளியில் நிற்கிறவர்களுக்குக் குழப்பம் வரலாம். அவனுக்கு வரவில்லை. கீழ்க்கையின் சுண்டுவிரலில் ஒரு தெறிப்பு, அது போதும். கீப்பர் பிடித்தான், ஸ்லிப்பில் இருந்தவர்கள் கை தூக்கிக் கத்தினார்கள், இடது கைப் பந்துவீச்சாளன் அம்பயர் பக்கம் திரும்பி மண்டிபோட்டே கேட்டான். வில்வநாதன் நடக்கவில்லை. ஏன் என்று ஏழு நாளாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. அப்போது அவன் ஸ்கோர் நாற்பத்தாறு ரன். லெதர் பந்தில் ஐம்பது அடித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. ஐம்பதுக்கு ஆசைப்பட்டு நின்றான் என்று சொல்லிவிட்டால் கேட்கிறவருக்குப் புரிந்துவிடும், அவனுக்கும் சௌகரியம். ஆனால் அந்த நேரத்தில் ஐம்பது ஞாபகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. ஜெயிக்க நாற்பத்து நாலு வேண்டும் என்பதும் ஞாபகத்தில் இல்லை. கால் நகரவில்லை. லிஃப்ட் கதவு திறந்தும் ஏறாமல் நின்றுவிடுகிறவனைப் போல நின்றான். அருளப்பன் பந்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். அவன் வலது கிளவுஸின் ஒட்டுப் பட்டையைச் சர்ரென்று பிரித்து மறுபடி ஒட்டினான். ஒன்றும் நடக்காதபோது பேட்ஸ்மேன் செய்கிற வேலை அது. நாட் அவுட், என்றார் அருளப்பன். நல்ல குரல் அவருக்கு, ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற குரல், பவுண்டரி வரைக்கும் கேட்கும். எதிர் டீம் கேப்டன் பிச்சைமணி, அருளண்ணனே சொல்லிட்டாரு, போங்கடா போய் நில்லுங்க என்று ஆட்களை அனுப்பினான். அந்தப் பட்டையைப் பிரித்து ஒட்டியதுதான். பொய் என்று ஒன்றைத் தேடினால் அது அங்கேதான் இருக்கிறது. வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, யாரும் அவனைக் கேட்கவும் இல்லை. அவர் கேட்டிருந்தால்? அருளண்ணன் பார்த்ததே கேட்டதுதானே. சத்தம் அவர் காதில் விழுந்ததா இல்லையா? விழுந்து, இவன் நிற்கிறானே, பட்டிருந்தால் நடந்திருப்பானே என்று தன் காதையே தள்ளிவைத்தாரா? பேட்டைத் திருப்பினான். துணி முகப்பில் இறங்கிவிட்டது. உப்புத்தாள் மடித்தபடி அப்படியே கிடந்தது.

அடுத்த பந்து ஃபுல் லெங்த். நேராக அடித்தான். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், அது நல்ல ஷாட். மட்டையின் நடுவில் பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது, எடையே இல்லாமல் போகும், அப்படிப் போனது. பல மாதமாக வராத ஷாட். சந்தோஷம்கூட வந்தது, கால் விநாடி. பந்துவீச்சாளர் ஓடி முடித்த இடத்தில் குறுக்கே இருந்ததால் அருளப்பனுக்குப் பந்து பேட்டிலிருந்து கிளம்பியது தெரியவில்லை. தெரிந்தபோது வலது பக்கமாகத் திரும்பினார், முட்டி திரும்பவில்லை. இடது காதுக்கு மேலே. துணித் தொப்பிதான் போட்டிருந்தார். தேங்காய் உடைகிற சத்தம் என்று பிச்சைமணி பிறகு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான், அப்படி இல்லை, ஈர மண்ணில் செங்கல் விழுகிற மாதிரிதான் இருந்தது. விழுந்தவர் பாக்கெட்டிலிருந்து பந்து எண்ணுவதற்கு வைத்திருந்த சின்னக் கூழாங்கற்கள் சிதறின. ரத்தம் அதிகமில்லை. காதிலிருந்து ஒரு நூல் இறங்கியது, தண்ணீர் போல, சிவப்பே இல்லாமல். வில்வநாதன் புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அவனுக்கு அது என்னவென்று தெரியும். மூளையைச் சுற்றி இருக்கிற நீர், சுத்தமான ட்யூபில் எடுக்க வேண்டும், இரண்டு மில்லி போதும் என்று நினைத்தான். மண்டியிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் நினைத்தான். அன்றிலிருந்து தன்னைப் பற்றி அவனுக்கு ஒரு பயம் இருக்கிறது. அழுகை வரும் என்று காத்திருந்தான். ஆம்புலன்ஸில் வரவில்லை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வரவில்லை, ரத்தக்கட்டியை எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னபோதும் வரவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனான். முப்பத்தேழு சாம்பிள். ஒன்றில்கூடத் தவறில்லை. கூட வேலை செய்கிற பெண், சார் உங்களுக்கு மனசு ரொம்ப திடம் என்றாள். ஸ்கோர் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே நாட் அவுட் நாற்பத்தாறு என்று எழுதி, மேட்ச் கைவிடப்பட்டது என்று கீழே கோடு போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை அருளப்பன் கண் விழித்தார். வியாழக்கிழமை பேசினார். ஷாஜகான் டீம் வாட்ஸ்அப்பில் போட்டான்: அருளண்ணன் பேசிவிட்டார், என்ன பேசினார் தெரியுமா, நாட் அவுட். அதற்குக் கீழே கும்பிட்ட கைகள், கோப்பைகள், நெருப்பு. எதிர் டீமிலிருந்து பிச்சைமணிகூட, எமனுக்கே நாட் அவுட் கொடுத்த எங்கள் அண்ணன் என்று எழுதியிருந்தான். சுகந்தி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வார்டுக்கு மாற்றினார்கள், சனிக்கிழமைதான் விஷயம் முழுக்கத் தெரிந்தது. அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. பேச்சு இருக்கிற பக்கத்தில் அடி. தண்ணீர் வேண்டுமா என்றால் நாட் அவுட். வலிக்கிறதா என்றால் நாட் அவுட். மனைவி ரெஜினாவைக் கூப்பிடுவதும் நாட் அவுட்தான். சிலருக்கு இப்படி ஒரே வார்த்தை மட்டும் மிச்சம் நிற்கும், கடைசியாகச் சொன்னதாக இருக்கலாம், பயிற்சி கொடுத்தால் மற்றவை மெல்ல வரும் என்று டாக்டர் சொன்னாராம். கடைசியாகச் சொன்னது. வில்வநாதன் முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றான், உள்ளே போகவில்லை. நாட் அவுட் செய்தி வந்த பிறகு வராந்தாவுக்கும் போகவில்லை. போனால் சொல்ல வேண்டும். அருளண்ணே, அது பட்டுச்சு. மூன்று வார்த்தை. சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அவர் கட்டிலில் கிடந்து அதைத்தான் நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார், எதிரே நின்று ஆமாம் என்று தலையாட்ட அவனால் ஆகாது. சொல்லவும் முடியாது. அவரிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதையும் தப்பு என்று எப்படிச் சொல்வது. ஒருவேளை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற வார்த்தைகள் ஏறி வரப்போகின்றன என்றால்? பத்தொன்பது வருஷக் கீப்பர், ஒரு வருஷ அம்பயர், ஒரு தப்புத் தீர்ப்பு. அது தன்னுடைய தப்பு என்று நினைத்துக்கொள்வார். அவர் தப்பே இல்லை என்று விளக்கினால், அப்படியென்றால் யாருடையது என்பது வரும். வரட்டும். வந்தால் என்ன. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஒவ்வொரு முறையும் வழுக்கி ஆரம்பத்துக்கே போய்விடும், சுண்டுவிரல் தெறிப்பு, கிளவுஸ் பட்டை, ஃபுல் லெங்த். நடந்திருந்தால் அடுத்த பந்துக்கு வேறு ஒருவன் நின்றிருப்பான். ஷாஜகான்தான் அடுத்து. ஷாஜகானுக்கு நேராக அடிக்கவே வராது, எல்லாவற்றையும் லெக் சைடில் இழுப்பான்.

துணி வழவழவென்று ஓடியது. அவன் பார்த்தபோது பேட் மின்னிக்கொண்டிருந்தது. மரம் குடித்து முடியாமல் எண்ணெய் மேலேயே நின்றது, கீழே செய்தித்தாளில் கறை பரவி ஒரு அமைச்சரின் முகம் கண்ணாடித்தாளாகத் தெரிந்தது. எத்தனை கை போட்டோம்? புட்டியில் பாதி இல்லை. முதுகுக்கு ஒன்று, முகப்புக்கு ஒன்று, ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒன்றா இரண்டா? ஒரு கைக்கு மேல் போட்டால் மரம் ஊறிக் கனத்துவிடும், பந்து பட்டால் டொக்கென்று சாகும், தெறிக்காது. பேட் செத்துப்போச்சு என்பார்கள். புதிதாக வந்த ஆட்கள் செய்கிற தப்பு, அக்கறை அதிகமாகி எண்ணெயில் முக்கிக் கொன்றுவிடுவார்கள், அப்படி எத்தனை பேரை அவனே கிண்டல் செய்திருக்கிறான். இப்போது விளிம்பைப் பார்த்தான். பார்த்தே ஆகவேண்டியிருந்தது. தேய்க்காமல் எண்ணெய் போட்டால் கறை வெளியே வராது, எண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறங்கும். நூல் மாதிரி இருந்த கோடு கொஞ்சம் தடித்து, அரக்கு நிறமாகி, மரத்தின் ரேகைகளில் ஒன்று போல ஆகியிருந்தது. இனி உப்புத்தாள் போட்டால் விளிம்பையே அரை அங்குலம் இழைக்க வேண்டும். இதற்காகத்தான் கை எண்ணெயை முதலில் எடுத்ததா? கோட்டை அழிக்கக்கூடாது என்று கைக்குத் தோன்றியதா, இல்லை சும்மா மறதியா? கையைத் தூக்கிப் பார்த்தான். கை எண்ணெயாக இருந்தது. வேறு தகவல் இல்லை.

சுகந்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை எண்ணெயா, அப்பளம் பொரிக்கலாம் போலிருக்கே என்றாள். அவன் சிரித்தான், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்கள், இன்றைக்காவது போய்விட்டு வாருங்கள், ஏழு நாளாகக் கூடவே பிறந்தவர் மாதிரி பழகினவர் எட்டிப் பார்க்கவில்லை என்றால் ரெஜினா அக்கா என்ன நினைப்பார்கள் என்றாள். தெரியாமல் பட்டதற்கு யார் என்ன செய்ய முடியும், அவங்களே உங்களைக் குத்தம் சொல்லலையே என்றாள். தெரியாமல் பட்டது. ஆமாம், இரண்டாவது பந்து தெரியாமல்தான் பட்டது. சுகந்தி, என்று ஆரம்பித்தான். என்ன, என்றாள். தண்ணி கொண்டா, என்றான். அவள் நின்று அவனைப் பார்த்தாள். ஒருதரம் அழுதுட்டா சரியாயிடும், சொன்னா கேக்க மாட்டேங்குறீங்க என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்புவேனா என்றது. தண்ணீர் வந்தது, குடித்தான், டம்ளரில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்தன. மணி மூன்று பத்து. அடுத்த ஞாயிறு செமி ஃபைனலுக்கு இந்தப் பேட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஷாஜகானுக்கு என்ன சொல்வது? பேட் செத்துவிட்டது என்றால் வேறு பேட் தருவான். உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை வாங்கிவருவான், அப்படிப்பட்டவன்.

போன் அடித்தது. ரெஜினா. எண்ணெய்க் கையில் திரை எடுக்கவில்லை, இரண்டு முறை வழுக்கியது, மூன்றாவது முறை முழங்கை முனையால் தேய்த்து ஸ்பீக்கரில் போட்டான். வில்வாண்ணே, தூங்கிட்டிருந்தீங்களா, தொந்தரவு பண்றேனா என்று ஆரம்பித்தாள். இருபத்தாறு வருஷம் கிரிக்கெட்காரரோடு குடும்பம் நடத்தியும் மைதானத்துப் பக்கம் ஒரு நாளும் வராதவள், டிவியில் மேட்ச் ஓடினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள். காலையில் ரவைக் கஞ்சி நாலு ஸ்பூன் இறங்கியது, வலது கை இன்னும் அசையவில்லை, இடது கை நன்றாக இருக்கிறது என்று எல்லாம் சொன்னாள். வராததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்புறம் தயங்கினாள்.

"ஒரு சந்தேகம்ணே. டீம் ஆளுங்க யாராச்சும் வந்தா கேக்கலாம்னு பாத்தேன், எல்லாரும் இன்னிக்கு மேட்சாம். காலையிலேர்ந்து இடது கையத் தூக்கி ஒத்த வெரலக் காட்டிக்கிட்டே இருக்காரு. ஃபேனான்னு கேட்டேன், இல்லைங்கிறாரு. ஒண்ணுக்கான்னு டப்பாவ வெச்சேன், தட்டி விட்டுட்டாரு. ஃபாதர் வந்தாரு, மேல ஆண்டவரக் காட்டுறாரும்மான்னு ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. அவரையும் மொறைக்கிறாரு. வாய் பாட்டுக்கு நாட் அவுட் நாட் அவுட்னுது, வெரல மட்டும் இறக்க மாட்டேங்குறாரு. கை நடுங்குதுண்ணே, பாக்க முடியல."

அண்ணே, லைன்ல இருக்கீங்களா, என்றாள்.

"இருக்கேம்மா."

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"தெரியுது. நான் வரேன்."

சோப்பு போட்டுக் கழுவியும் கை முழுசாகப் போகவில்லை. வண்டியில் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கினான். கேட்டிருக்கிறது. அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததைத் தள்ளிவிட்டு இவனைப் பார்த்தார், இவன் நின்றதைப் பார்த்துத் தீர்ப்பைச் சொன்னார். வாய் அன்றைக்குச் சொன்னதிலேயே மாட்டிக்கொண்டது, அதை அவரால் திருப்ப முடியவில்லை, விரலால் திருப்பிக்கொண்டிருக்கிறார், அதைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் அந்த வார்டில் இல்லை. ஏழு நாளாக அவரைக் காப்பாற்ற என்று சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தான். சிக்னலில் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். பாலத்தில் ஏறும்போது அடுக்கிய வாக்கியங்களில் முதலாவது மறந்துபோனது, இறங்கும்போது மற்றவையும். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் ஒரு அட்டை கொடுத்தான், ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். இரண்டாவது மாடி. நீளமான வார்டு, இரண்டு பக்கமும் கட்டில்கள், அருளப்பன் கடைசியில் ஜன்னல் ஓரம். மொட்டைத் தலையில் கட்டு. பாதியாக இளைத்திருந்தார். வலது கை வயிற்றின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. ரெஜினா எழுந்து, பாருங்க யாரு வந்திருக்கான்னு என்று அவரிடம் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டாள். வில்வநாதன் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றான். பிட்ச்சில் இருக்கிற இருபத்திரண்டு கஜம் இல்லை, ஆறடிதான்.

அருளப்பன் அவனைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. இவன் கைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, இரண்டும் சும்மா தொங்கின.

"பட்டுச்சுண்ணே," என்றான்.

"நாட் அவுட்," என்றார் அருளப்பன். குரல் கெடவில்லை, வார்டில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது கை போர்வையிலிருந்து எழுந்தது. முழங்கை கட்டிலை விட்டு மேலே வந்தது, முன்கை நிமிர்ந்தது, மூன்று விரல்களைக் கட்டைவிரல் மடக்கிப் பிடித்தது. ஆள்காட்டி விரல் நேராக நின்றது. நடுங்கிக்கொண்டு நின்றது. தப்புச் சொல்ல முடியாத விரல். அது எழுந்த பிறகு பேட்ஸ்மேன் ஒரு விநாடி நிற்கக் கூடாது, அம்பயர் முகத்தைப் பார்க்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, விளக்கம் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் அருளப்பன் டீமுக்குச் சொல்லிக்கொடுத்தது. வில்வநாதன் திரும்பி நடந்தான்.

"என்னண்ணே, இப்பத்தானே வந்தீங்க," என்றாள் ரெஜினா. "ஒக்காருங்க. அண்ணே, எங்க போறீங்க?"

கட்டில்களுக்கு நடுவே நடந்தான். நடை மெதுவாகவும் இல்லை வேகமாகவும் இல்லை. யாரோ ஒரு அம்மா வழியில் வைத்திருந்த டிபன் கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எட்டாவது கட்டில் தாண்டும்போது வலது தொடை துள்ள ஆரம்பித்தது, நிற்காமல் துள்ளியது, அதைத் தன் கால் என்று உணர்ந்தான். பின்னால் ரெஜினா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது அவனிடம் இல்லை, அவரிடம். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை, விரல் இறங்கியதா என்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாடி இறங்கினான். வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டினான்.

"பாஸைக் குடுத்தா இன்னிக்கு மறுபடி உள்ள விட மாட்டோம் சார். டைம் இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

"இல்ல, முடிஞ்சிருச்சு," என்று சொல்லிக் கொடுத்தான்.